சம்புக்குள் போன கயிறு

தாம்புக்கயிறு நனைந்தால் இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் காய்ந்து கிடந்தபோது கையில் குத்தியது, அவ்வளவுதான். இப்போது ஈரத்தில் ஊதி, என் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, விரல்களுக்கு நடுவே ஓடி, கரையிலிருந்து இறங்கி, ஆகாயத்தாமரை இலைகளின் மேல் வளைந்து, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் சம்புக் கோரைக்குள் நுழைந்து காணாமல் போகிறது. மறுமுனை என் வீட்டுக்காரர் இடுப்பில். பழைய மதகின் வாயை அடைத்துக் கிடக்கும் செத்தையை வாரிப் போட்டுக்கொண்டு அந்தச் சம்புக்குள் எங்கேயோ அவர் நிற்கிறார். எனக்குத் தெரிவது சம்பு மட்டும்தான். காற்றே இல்லை, ஆனாலும் ஒரு இடத்தில் அதன் நுனிகள் ஆடுகின்றன. அவர் ஆட்டுகிறார். அவராகத்தான் இருக்கும். வானம் அடிபிடித்த பாத்திரம் மாதிரி கறுத்துக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரில் மற்ற பெண்கள் சட்னி அரைத்துக்கொண்டிருப்பார்கள், இந்த வேதவல்லி மட்டும் புருஷனைக் கயிற்றில் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் நிற்கிறாள். சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. தண்ணீரிலிருந்து அழுகின வாடை வருகிறது, முட்டை கெட்டுப்போன வாடை, சேற்றுக்கு அடியிலிருந்து குமிழி குமிழியாக ஏறி வந்து என் காலடியில் உடைகிறது.

முட்டை என்று நினைத்திருக்கக் கூடாது. போன மழையில் இந்த மதகு அடைத்துக்கொண்டுதான் தண்ணீர் ஏறி, பறவைகள் கூடு கட்டும் நடுத்திட்டு மூழ்கியது. கூடுகள் எல்லாம் போயின. கொஞ்ச நாள் கழித்து முட்டைகள் கரையோரமாக மிதந்து வந்தன, வெள்ளையும் வெளிர்நீலமுமாக, பிளாஸ்டிக் டம்ளர்களுக்கு நடுவே. இவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் போட்டார். பொறுக்கி என்ன செய்யப் போகிறார் என்று ஆல்பர்ட்டும் கேட்கவில்லை, நசீமாவும் கேட்கவில்லை. நாங்கள் நாலு பேர்தான் இப்போது. ஆரம்பத்தில் 'ஏரி நண்பர்கள்' என்று பனியன் எல்லாம் அடித்துக் கூட்டமாக வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், வெயில் ஏறினதும் போனார்கள். மிஞ்சியது ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஆல்பர்ட், அரசுப் பள்ளி டீச்சர் நசீமா, இவர், இவருக்காக நான். அவர்கள் இரண்டு பேரும் அந்தக் கோடிக் கரையில் சீமைக்கருவேலத்தை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். ரம்பம் பெட்ரோல் குடித்துக்கொண்டு ஓயாமல் கத்துகிறது. அந்தச் சத்தம் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு வந்து என் பல்லில் உட்காருகிறது. இங்கே நான் கத்தினால் அங்கே கேட்காது. ஏன் கத்த வேண்டும்? கத்த ஒன்றும் இல்லை. கயிறு இருக்கிறது.

கயிறு யோசனை அவருடையதுதான். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், பழைய வண்டிகளில் கூரையோடு ஓடும் மணிக்கயிற்றை இழுத்தே வண்டியை ஓட்டியவர். ஒரு இழுப்பு, நில். ரெண்டு இழுப்பு, ரைட், போகலாம். காலையில் இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அப்பப்போ ரெண்டு இழுப்பு இழுப்பேன். நீ திருப்பி ரெண்டு இழு. நான் ஒண்ணு இழுத்தா ஆல்பர்ட்டக் கூப்பிடு." நான் தலையைக்கூட ஆட்டவில்லை. பேசக் கூடாது என்று இருந்தேன். அவர் செல்போனையும் கண்ணாடியையும் என் பையில் போட்டுவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டி, கொக்கிக் கம்பை ஊன்றி இறங்கினார். தண்ணீர் முழங்கால், தொடை, இடுப்பு. இலைகளை இரண்டு பக்கமும் விலக்கிக்கொண்டு கூட்டத்தில் டிக்கெட் போடப் போகிற மாதிரியே ஒரு தோளை முன்னால் விட்டுப் போனார். சம்பு திறந்தது, மூடிக்கொண்டது. மூடிக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே ஆள் போன சுவடே இல்லாமல், கதவு மாதிரி.

அந்த நெஞ்சுக்குள் ஸ்டென்ட் இருக்கிறது. ஸ்கேனில் டாக்டர் காட்டினார், பால்பாயின்ட் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி ஒன்று. அதை வைத்த பிறகு ஏரிக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டு வரச் சொன்னேன். போய்விட்டு வந்து, "தாராளமா போகச் சொன்னாரு" என்றார். நான் நம்பினேன். நேற்று மாத்திரை வாங்கப் போனபோது அதே டாக்டர் எழுதிக்கொண்டே கேட்கிறார், "தண்ணில சேத்துல எல்லாம் எறங்கறதில்லையே? அன்னைக்கே கண்டிப்பா கூடாதுன்னு சொல்லிட்டேன்." நான் இல்லை டாக்டர் என்றேன். எவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்தும் பொய் வந்தது. ராத்திரி முழுக்க ஒன்றும் கேட்கவில்லை. காலையில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் கேட்டேன், முகத்தைப் பார்க்காமல் கேட்பது சுலபமாக இருந்தது.  அந்த முதுகு பதில் சொல்லவில்லை. எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, "போங்க, போய் அந்தச் சேத்துலயே கெடங்க, இனிமே என்னக் கூப்பிடாதீங்க" என்றேன். காற்றில் சொன்னேன். காதில் விழுந்ததா? அடுத்த வேகத்தடையில் என் இடுப்புவலிக்காக எப்போதும் செய்வது போல வண்டியை மெதுவாக்கித்தான் ஏற்றி இறக்கினார். விழவில்லையாக இருக்கும். விழுந்தும் மெதுவாக்கியிருந்தால்? அது இன்னும் மோசம்.

முதல் தடவை அவர் இழுத்தபோது நான் திருப்பி இழுக்கவில்லை. ரெண்டு இழுப்பு வந்தது, சுண்டி, சுத்தமாக, என் மணிக்கட்டுக்குள் ஒரு நாடி மாதிரி. கையை அப்படியே வைத்துக்கொண்டேன். கொஞ்சம் கிடக்கட்டும் என்று தோன்றியது. என்னிடம் மறைத்தவர்தானே, கொஞ்சம் நின்று யோசிக்கட்டும். அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர் காத்திருப்பதை நினைத்தபோது எனக்குள் ஏதோ இனித்தது, அசிங்கமான இனிப்பு. மறுபடி ரெண்டு இழுத்தார். அப்போது திருப்பி இழுத்தேன், வேண்டுமென்றே மெதுவாக, ஒன்று, அப்புறம் வெகு நேரம் கழித்து ஒன்று. அதற்குப் பிறகு அவர் இழுக்கவில்லை. எவ்வளவு நேரம் ஆச்சு? ரம்பம் இரண்டு தடவை நின்று மறுபடி கத்தியிருக்கிறது. சூரியன் இல்லாத நாளில் நேரம் போவது தெரிவதில்லை. நான் இப்போது ரெண்டு இழுக்கிறேன். கயிறு விறைப்பாக இருக்கிறது, அந்தப் பக்கம் கனம் இருக்கிறது, ஆள் நிற்கிற கனம். பதில் இல்லை. சரி, பழிக்குப் பழி. நான் காக்க வைத்தேன், அவர் காக்க வைக்கிறார். இது எங்கள் வீட்டில் நடக்காததா? பேசாமல் மூன்று நாள் நாலு நாள் இருந்திருக்கிறோம், தட்டைச் சத்தமாக வைத்து, கதவை மெதுவாகச் சாத்தி. கனம் இருக்கிறது, அதனால் அவர் இருக்கிறார். கனம் இருக்கிறது. ஆனால் கனம் அசையவே இல்லை. வேலை செய்கிற மனுஷன் இடுப்பில் கட்டிய கயிறு கொஞ்சமாவது அசைய வேண்டாமா?

சம்பு நுனிகள் ஆடுவது எப்போது நின்றது? நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், நின்றதைப் பார்க்கவில்லை. பறவைச் சத்தமும் இல்லை. வந்து நின்றபோது நாமக்கோழிகள் உள்ளே கரகரவென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன, இப்போது ஒன்றுகூட இல்லை, மேலே ஒரு பருந்து மட்டும் இறக்கையை அசைக்காமல் ஒரே வட்டமாகச் சுற்றுகிறது, அந்த வட்டத்துக்கு நேர் கீழே எது இருக்கிறது என்று கணக்குப் போடாதே. எருமை. எருமையை நினைக்காதே. போன வருஷம் இதே ஓரத்தில் புதைசேற்றில் மாட்டிய எருமை, கழுத்து மட்டும் வெளியே, அது கத்தவில்லை என்பதுதான் என்னால் மறக்க முடியாதது. கரையில் நின்ற எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. உதறினால் இன்னும் கீழே போகும் என்று அதற்கே தெரிந்துவிட்டது என்று அதன் சொந்தக்காரர் சொன்னார். கோடையில் எவனெவனோ பொக்லைன் வைத்து ராவோடு ராவாகச் சவுடு மண் எடுத்த குழிகள் அவை, மழை வந்ததும் குழம்பு மாதிரி சேறு நிரம்பி, மேலே ஆகாயத்தாமரை படர்ந்து, தரை எது குழி எது என்று யாருக்கும் தெரியாது. இவருக்குத் தெரியும். மதகுக்குப் போகிற வழியில் குழி இல்லை, பக்கத்தில்தான், இடது பக்கம். அவர் நேராகத்தானே போயிருப்பார்? கயிறு நேராகத்தான் போகிறது. நெஞ்சுவலி என்றால் எப்படி வரும், சட்டென்று வருமா, கத்த நேரம் இருக்குமா? ஸ்பிரிங் அடைத்துக்கொண்டால் தண்ணீருக்குள் முகம் குப்புற விழுந்தால் குமிழி வருமா? இங்கேதான் எல்லா இடத்திலும் குமிழி வருகிறதே.

கூப்பிடலாம். "என்னங்க" என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வருகிறது, திரும்பிப் போகிறது. கூப்பிட்டு, அவர் அந்தப் பக்கம் சாதாரணமாக நின்றுகொண்டு, "என்ன?" என்று கேட்டால்? இனிமே கூப்பிடாதீங்க என்று சொன்னவள் முதலில் கூப்பிட்டவளாக ஆவேன். ஆகட்டுமே. ஆகக் கூடாது. என்ன பெண் நான், ஒரு உயிரை எடை போட வேண்டிய தட்டில் இதை வைத்து எடை போடுகிறேன்? மறுபடி ரெண்டு இழுக்கிறேன். விறைப்பு. ஒன்று இழுக்கிறேன், நில் என்று, எதை நிறுத்தச் சொல்கிறேன் என்று தெரியாமல். விறைப்பு. கயிறு என் கையில் செத்துக் கிடக்கிறது. "என்னங்க!" என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது, கீச்சென்று, தண்ணீர் மேல் கொஞ்ச தூரம் போய் ரம்பச் சத்தத்தில் அறுபட்டு விழுகிறது. "என்னங்க, காதுல விழுதா?" பதில் இல்லை. அப்புறம் நான் யோசிக்கவில்லை. செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. தண்ணீர் சில்லென்று முழங்காலைப் பிடிக்கிறது, புடவை கனத்துக் காலைச் சுற்றுகிறது, இலைகளுக்கு அடியில் தாடி மாதிரி தொங்கும் வேர்கள் தொடையைத் தடவுகின்றன, பாம்பு என்று மனசு சொல்கிறது, இருக்கட்டும் என்று கால் சொல்கிறது. கயிற்றைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே சம்புக்குள் நுழைகிறேன். உள்ளே வெளிச்சம் குறைந்துவிட்டது. இலை கன்னத்தைக் கிழிக்கிறது. கயிறு சட்டென்று கீழே, தண்ணீருக்குள் இறங்குகிறது. மனுஷன் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருக்கிறது.

குனிந்து கையை விட்டுத் துழாவுகிறேன். முடி தட்டுப்படும் என்று விரல்கள் பயந்து மடங்கிக்கொள்கின்றன. தட்டுப்பட்டது மரம். கருவேல மரத்தின் அடிக்கட்டை. மழைக்கு முன்னால் நாங்களே அறுத்து, தண்ணீர் ஏறினால் தெரியாது என்று விட்டுப்போன கட்டை. அதன் கவட்டைக்குள் கயிறு விழுந்து இறுகி மாட்டிக் கிடக்கிறது. நான் இத்தனை நேரம் இழுத்தது இந்தக் கட்டையை. கனம் இருக்கிறது, கனம் இருக்கிறது என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டது இந்தக் கட்டையின் கனத்தை. கட்டையிலிருந்து கயிறு நேராகப் போகவில்லை. இடது பக்கம் திரும்பிப் போகிறது. நான் நேராகவே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இடது பக்கச் சம்பை விலக்குகிறேன், அங்கே கொஞ்சம் திறப்பாக, பச்சையாக, பூப்பூத்து ஊதா நிறத்தில் அழகாக இருக்கிறது, அந்தப் பூக்களுக்கு நடுவே அவர் தலையும் தோளும் விரித்த இரண்டு கைகளும். நெஞ்சு வரை உள்ளே. கொக்கிக் கம்பு முன்னால் குறுக்கே கிடக்கிறது, அதன் மேல் முகவாயை வைத்திருக்கிறார். கண் திறந்திருக்கிறது. என்னைப் பார்க்கிறது. ஒரு வினாடி அந்தக் கண்ணில் உயிர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் உதடு மட்டும் அசைகிறது. "கிட்ட வராத வேதா. குழி."

"ஐயோ" என்றேனா? ஏதோ சொன்னேன். "நெஞ்சு வலிக்குதா?" "இல்ல. வழி தப்பிட்டேன். காலுக்குத் தரை அகப்படல. அசைஞ்சா எறங்குது." டெப்போவில் டைம் சொல்கிற குரலில் சொல்கிறார். கயிற்றைக் கட்டையிலிருந்து பிடுங்கி எடுக்கிறேன், நகம் ஒன்று பிய்ந்து போகிறது. நான் ஒருத்தியாக இழுத்தால் ஆகாது. ஆல்பர்ட்டைக் கூப்பிட வேண்டும், அதற்கு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். திரும்ப முடியவில்லை. திரும்பினால் திரும்பி வரும்போது பூ மட்டும் இருக்கும். "போ" என்கிறார். "கயித்தப் புடிச்சிக்கிட்டே போ." போனேன். நடக்கும்போதே ரெண்டு இழுத்தேன். பின்னால் இருந்து ரெண்டு வந்தது, சின்னதாக, விரலால் இழுத்த மாதிரி. சம்பைத் தாண்டி ரெண்டு. வந்தது. கரைக்கு ஏறி ரெண்டு. வந்தது. கயிறு அதற்கு மேல் எட்டவில்லை. பனங்கன்று ஒன்றில் சுற்றிக் கட்டிவிட்டு ஓடினேன். என் இடுப்பு, என் ஈரப் புடவை, அந்தக் கோடிக் கரை, எதுவும் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ரம்பம் நின்ற பிறகு இருந்த அமைதி மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆல்பர்ட் மூங்கில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார், நசீமா லாரி டியூபை உருட்டிக்கொண்டே போனில் ஆம்புலன்ஸுக்கு வழி சொன்னாள். பூக்களுக்கு நடுவே தலை இருந்தது. தோள் இல்லை. தலை இருந்தது.

ஏணியைச் சேற்றின் மேல் படுக்கப் போட்டு, ஆல்பர்ட் அதன் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து, அக்குளில் கையைக் கொடுத்து, நாங்கள் இருவரும் கயிற்றை இழுக்க, சேறு அவரை விட மனமில்லாமல் உறிஞ்சிப் பிடித்து, விட்டபோது ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது கரையில் கிடக்கிறார். கறுப்புச் சேறு, கண் மட்டும் வெள்ளை. லுங்கி உள்ளேயே போய்விட்டது, நசீமா தன் துப்பட்டாவை அவர் மேல் போர்த்திவிட்டு வேறு பக்கம் பார்த்து நிற்கிறாள். அவர் பல் கிடுகிடுவென்று அடிக்கிறது. நான் முந்தானையால் அவர் முகத்தைத் துடைக்கத் துடைக்கச் சேறு வந்துகொண்டே இருக்கிறது. "ஒரு இழுப்பு இழுத்திருக்கலாமில்ல" என்கிறேன், கேட்கக் கூடாத நேரத்தில். "இழுத்தேன்" என்கிறார். "நாலஞ்சு தடவ இழுத்தேன். நீ திருப்பி இழுக்கல. கோவத்துல இருக்கியேன்னு விட்டுட்டேன்." கட்டை, கட்டையில் மாட்டிக்கொண்டது என்று சொல்ல வாயைத் திறக்கிறேன். அது உண்மைதான். கட்டைக்கு முந்தி, நான் வேண்டுமென்றே பதில் தராமல் விட்ட இழுப்பும் உண்மைதான். "அப்ப கத்தியிருக்கலாமில்ல? ஏன் கத்தல? நான் கரையிலதானே நின்னேன்?" அவர் மேலே பார்க்கிறார். முதல் தூறல் அவர் நெற்றிச் சேற்றில் விழுந்து சின்னக் குழி போடுகிறது. குறை சொல்கிற குரல் இல்லை, அடுத்த ஸ்டாப்பிங் பேரைச் சொல்கிற குரல். "கத்தினா வருவியான்னு தெரியல."

மழை வந்துவிட்டது. ஆல்பர்ட் மதகுப் பக்கம் பார்த்து, "பாதிகூட எடுக்கல அக்கா, ராத்திரிக்கே தண்ணி ஏறிடும்" என்கிறார், யாரிடமோ சொல்வது போல. நான் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வந்தேன்தானே, வந்துதானே இழுத்தேன், என்று எனக்குள் ஒரு குரல் வக்கீல் மாதிரி பேசிக்கொண்டே போகிறது. அங்கே சேறு நெஞ்சைத் தொட்டபோது அவர் என்ன நினைத்துக்கொண்டு கையை விரித்து அசையாமல் இருந்தார்? என் பெண்டாட்டி கரையில் நிற்கிறாள், கூப்பிடும் தூரத்தில் நிற்கிறாள், வரமாட்டாள். அப்படி ஒரு நினைப்போடு ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? இருந்திருக்கிறார். அதை நம்ப அவருக்குக் கஷ்டமாகவே இருக்கவில்லை. அவர் பிடிவாதமாகப் பதில் சொல்லாமல் நிற்கிறார் என்று நம்ப எனக்கும் கஷ்டமாக இருக்கவில்லை. இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் நாங்கள் எதைச் சேர்த்து வைத்திருக்கிறோம் என்று யோசிக்கிறேன், யோசனை அந்த இடத்தில் வந்து வந்து நிற்கிறது, அதற்கு மேல் கால் வைக்கப் பயமாக இருக்கிறது. ஆம்புலன்ஸ் கரை மேல் குலுங்கிக் குலுங்கி வருகிறது. சீருடைப் பெண் ஒருத்தி இறங்கி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, ஏதோ மாட்டி, "நாடி பரவாயில்ல, ஆனா உடனே போயிடணும்" என்கிறாள். தூக்கிப் படுக்க வைக்கிறார்கள். கதவைச் சாத்தப் போனவள் மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்கிறாள், "கூட யாரு வர்றீங்க?"

அவர் தலையைத் திருப்புகிறார். என்னைப் பார்க்கிறார். எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுகிற மனுஷன், எங்கே போனாலும் "அவ வருவா" என்று என்னைக் கேட்காமலே சொல்லிவிடுகிற மனுஷன், வாயை மூடிக்கொண்டு, எனக்காகக் காத்திருக்கிறார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் பார்க்கிறார்.

"நான்" என்கிறேன். மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. "நான்தான். நான் வர்றேன்." கத்துகிறேன், அந்தப் பெண் திடுக்கிட்டு நகர்ந்து வழி விடுகிற அளவுக்குக் கத்துகிறேன். ஏறி அவர் தலைமாட்டில் உட்காருகிறேன். கதவு மூடுகிறது. அவர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.